பங்க்ல "முப்பதா சார்?"னு கேட்டா சும்மா தலையாட்டிராதீங்க: பழைய வண்டிக்கு காத்து அடிக்கற கணக்கு

பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்கற பையன் கேக்கறது ஒரே கேள்விதான், "முப்பதா, முப்பத்திரெண்டா சார்?" ஆல்டோ போனாலும் அதான், இன்னோவா போனாலும் அதான். நாமளும் ஏதோ ஒண்ண சொல்லிட்டு கைல இருக்கற சில்லறைய குடுத்துட்டு கிளம்பிருவோம். இப்ப வர்ற வண்டிங்களுக்கு அதுல பெருசா ஒண்ணும் ஆயிராது. ஆனா அதே முப்பத்திரெண்ட 1950, 60கள்ல செஞ்ச ஒரு வண்டிக்கு அடிச்சு பாருங்க, வண்டி வேற வண்டியா மாறிரும், அதுவும் நல்லவிதமா இல்ல.

என் கதைய முதல்ல சொல்லிர்றேன். என்கிட்ட இருக்கறது மோரிஸ் மைனர் 1000ங்கற பழைய பிரிட்டிஷ் கார். ரெண்டு வருஷம் முன்னாடி பழைய நைலான் டயர கழட்டிட்டு நாலுக்கும் 155 சைஸ் ரேடியல் போட்டேன். கடைல 35 அடிச்சு அனுப்பியிருக்காங்க, நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. அன்னிக்கு அவினாசி ரோட்ல வரும்போதே வண்டி ரோட்ல ஒட்டவே இல்ல, சின்ன ஒட்டு போட்ட இடத்துல கூட தத்தித் தத்தி ஒரு பக்கமா நகருது, ஸ்டியரிங் மட்டும் என்னமோ பவர் ஸ்டியரிங் மாதிரி லேசா இருக்கு. நான் என்ன நினைச்சேன்னா ஷாக் அப்சார்பர் போச்சுன்னு. இந்த வண்டில இருக்கறது பழைய ஆர்ம் டைப், உள்ள ஆயில் இருக்கும், அத மாத்தினேன், சரியாகல. அப்புறம் ட்ரனியன், அதாவது முன் சக்கரம் திரும்பற ஜாயிண்ட், அப்புறம் பின்னாடி பட்டை ஸ்ப்ரிங் புஷ்னு ஒவ்வொண்ணா மாத்தி பணம் போனதுதான் மிச்சம். கடைசில உக்கடம் பக்கம் ஒரு வயசான மெக்கானிக், வண்டிக்குள்ள கூட ஏறல, டயர கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்திப் பாத்துட்டு "ஏன் தம்பி, லோடு ஏத்தப் போறீங்களா?"ன்னாரு. 26க்கு இறக்கிட்டு ஓட்டினா, வண்டி அப்படியே பழைய மாதிரி படுத்து ஓடுது. அதுக்கப்புறம்தான் இந்தக் காத்து விஷயத்த ஒழுங்கா படிச்சேன், கேஜ் வாங்கினேன், நோட்டுல எழுதி வச்சு பாத்தேன்.

சரி, காத்து ஏன் இவ்ளோ முக்கியம்? வண்டிய தாங்கறது ரப்பர்னு நினைச்சுக்கறோம், நெசத்துல பெரும்பாலும் தாங்கறது உள்ள இருக்கற காத்துதான். ஒரு சின்ன கணக்கு. மைனர் கிட்டத்தட்ட முக்கால் டன், 760 கிலோன்னு வச்சுக்குங்க. நாலு சக்கரத்துக்கு பிரிச்சா ஒண்ணுக்கு 190 கிலோ, பவுண்டுல 420. பிஎஸ்ஐங்கறது ஒரு சதுர இன்ச்க்கு எத்தன பவுண்டுங்கற அளவு. அப்ப 22 பிஎஸ்ஐ இருந்தா டயர் ரோட்டுல பதியற இடம் சுமார் 19 சதுர இன்ச், நம்ம உள்ளங்கை அகலம். அதே டயருக்கு 32 அடிச்சா 13 சதுர இன்ச்தான். டயரோட சுவரும் கொஞ்சம் எடைய தாங்கும், அதனால கணக்கு அச்சு அசலா இப்படியே வராது, ஆனா போக்கு இதுதான். மூணுல ஒரு பங்கு பிடிப்ப நாமளே காசு குடுத்து, சில சமயம் டிப்ஸும் குடுத்து, கழட்டிட்டு வர்றோம். ஒன்றரை டன் வண்டிக்கு சரியா இருக்கற 32, முக்கால் டன் வண்டிக்கு எப்படி சரியா இருக்கும்?

அப்ப சரியான நம்பர் எது? முதல்ல எடுக்க வேண்டியது வண்டியோட ஹேண்ட்புக். புது வண்டிங்கள்ல டிரைவர் டோர திறந்தா ஸ்டிக்கர் இருக்கும், பழசுல அதெல்லாம் கிடையாது, க்ளவ் பாக்ஸ்ல ஒரு சின்ன புக் இருந்துச்சு, அது எந்த ஓனர் காலத்துல தொலைஞ்சுதோ. பரவால்ல, பெரும்பாலான வண்டிக்கு ஸ்கேன் பண்ணது நெட்ல கிடைக்கும், உங்க வருஷம் உங்க மாடலானு மட்டும் பாத்துக்குங்க. மைனர் 1000க்கு புக்ல முன்னாடி 22, பின்னாடி 22, ஃபுல் லோடுன்னா பின்னாடி மட்டும் 24. இத பாத்தா இந்தக் கால ஆளுங்க பஞ்சர் ஆன டயர்ம்பாங்க.

இந்த புக் நம்பர்ங்கள பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா ரொம்ப சுவாரஸ்யமா இருக்கும். மைனர டிசைன் பண்ண அலெக் இஸ்ஸிகோனிஸ்தான் 1959ல வந்த மினியையும் பண்ணாரு. மினில இன்ஜின், கியர்பாக்ஸ், டிரைவ் எல்லாமே முன்னாடி, அதனால அதுக்கு முன்னாடி 24, பின்னாடி 22. ஃபோக்ஸ்வேகன் பீட்டில எடுத்துக்குங்க, இன்ஜின் பின்னாடி, முன்னாடி டிக்கி காலி, அதனால நைலான் டயர் காலத்துல முன்னாடி 16ஐ ஒட்டி, பின்னாடி 24ஐ ஒட்டி. பதினாறு! நம்ம பங்க் பையன்கிட்ட சொன்னா மெஷின் ரிப்பேர்னு நினைப்பான். சித்ரோன் டூ சிவிக்கு ரேடியல்தான் போட்டு வந்தாங்க, அந்த ஒல்லிக் குச்சி டயருக்கு முன்னாடி 20, பின்னாடி 26, ஏன்னா வண்டியே ஆறு நூறு கிலோவ தாண்டாது. ஆக நம்பர முடிவு பண்றது எடை எங்க உக்காந்திருக்குங்கறதுதான், வண்டி பழசா புதுசாங்கறது இல்ல.

புக் பழசா இருந்தா யூனிட்ட பாருங்க. இங்கிலீஷ்காரன் வண்டின்னா பவுண்டு, அதான் பிஎஸ்ஐ. ஃபியட் மாதிரி ஐரோப்பா வண்டின்னா கிலோ கணக்குல, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தன கிலோன்னு போட்டிருக்கும், அத 14.2ஆல பெருக்கினா பிஎஸ்ஐ. பார்னு இருந்தா 14.5. 1.4னு போட்டிருக்கறத பாத்துட்டு "பதினாலா"ன்னு அடிச்சவங்கள எனக்குத் தெரியும்.

இன்னொரு தப்பு, டயர் சுவர்ல "மேக்ஸ் பிரஷர் 44"ன்னு அச்சடிச்சிருக்கும், அத பாத்து அடிக்கறது. அது அந்த டயர் தாங்கற உச்சம், உங்க வண்டிக்கு அடிக்க வேண்டியது இல்ல. டயர் கம்பெனிக்காரனுக்கு நீங்க அத மைனர்ல மாட்டப் போறீங்களா வேற எதுலயாவது மாட்டப் போறீங்களானு எப்படி தெரியும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். புக்ல இருக்கற 22, புக் அடிச்ச காலத்துல வண்டில இருந்த டயருக்கு. அது நைலான் டயர், அதாவது உள்ள இருக்கற நூல் குறுக்கும் மறுக்குமா சாய்வா ஓடற கிராஸ் பிளை. அம்பாசடர்ல 5.90-15, பத்மினில 5.20-14னு ஓடுச்சே, அதே ஜாதி. அதோட சுவர் கெட்டி, சுவரே கொஞ்சம் எடைய தாங்கிரும், அதனால காத்து கம்மியா இருந்தா போதும். ரேடியல்ங்கறது மிஷெலின் 1940கள்ல கொண்டு வந்த சமாச்சாரம், நூல் குறுக்கால நேரா ஓடும், பட்டனுக்கு, அதான் ரோட்டுல படற பக்கத்துக்கு, அடில மட்டும் ஸ்டீல் பெல்ட் இருக்கும், சுவர் சாப்ட். சுவர் சாப்ட்ங்கறதால எடைய தாங்க காத்து இன்னும் கொஞ்சம் வேணும். அதனால பழைய வண்டிக்கு ரேடியல் போட்டா, புக்ல நைலானுக்கு சொன்ன நம்பரோட ஒரு 4லேர்ந்து 6 பிஎஸ்ஐ கூட்டி ஆரம்பிக்கறது வழக்கம். மைனருக்கு 22ன்னா ரேடியலுக்கு 26, 28ல ஆரம்பிக்கலாம். கவனிங்க, ஆரம்பிக்கலாம்னுதான் சொல்றேன், அதோட முடிஞ்சுதுனு சொல்லல. புக்லயே ரேடியலுக்குனு தனியா நம்பர் குடுத்திருந்தா, 60கள் கடைசிக்கு மேல வந்த நிறைய வண்டிக்கு குடுத்திருப்பாங்க, அப்ப இந்தக் கூட்டல் வேலையே வேண்டாம், அதையே எடுத்துக்குங்க.

ரேடியல் டயர் சரியான காத்துல இருந்தா கூட கீழ லேசா தொப்பை போட்ட மாதிரி பிதுங்கி நிக்கும். அது அதோட சுபாவம். நைலான் பாத்துப் பழகின கண்ணு, அதுவும் நம்ம பெரியவங்க கண்ணு, அத பாத்த உடனே "காத்து இல்லப்பா வண்டில"ன்னும். எங்கப்பா அம்பாசடர் வச்சிருந்தவரு, டயர ஒரு உதை உதைச்சே கணக்கு சொல்லுவாரு, நைலானுக்கு அது ஓரளவு சரியாவும் இருந்துச்சு. ரேடியலுக்கு கண்ணையும் நம்பாதீங்க, காலையும் நம்பாதீங்க, கேஜ மட்டும் நம்புங்க.

ரெண்டையும் கலக்கறதப் பத்தி ஒரு வார்த்தை. ஒரே ஆக்ஸில்ல ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் எந்தக் காரணத்துக்கும் கூடாது. வேற வழியே இல்ல, ரெண்டுதான் ரேடியல் இருக்குன்னா அது பின்னாடி போகணும், நைலான் முன்னாடி. மாத்தி போட்டா முன்பக்கம் நல்லா பிடிச்சுக்கும், பின்பக்கம் வளைவுல வீசிரும், மழை நாள்ல யோசிச்சுக்குங்க. காத்த ஏத்தி இறக்கி இத சரி பண்ணிரலாம்னு சிலர் சொல்லுவாங்க, நம்பாதீங்க.

சரி, இப்ப வேலைக்கு வருவோம். மொதல்ல ஒரு கேஜ் வாங்குங்க, உங்களோடது, வண்டிலயே இருக்கறது. பங்க் மெஷின் ஒண்ணு 28ன்னு காட்டினா இன்னொண்ணு அதே டயருக்கு 31ன்னும், 35 அடிக்கற எடத்துல அந்த மூணு பெருசில்ல, 22 அடிக்கற எடத்துல பெரிய வித்தியாசம். பேனா மாதிரி இருக்கறத விட டயல் வச்சது நல்லது, 60 வரைக்கும் காட்டறது போதும், லாரிக்காரங்க வச்சிருக்கற 150, 200 காட்டறதுல நம்ம 22 ஒரு ஓரத்துல எங்கயோ கெடக்கும். காத்த கொஞ்சம் கொஞ்சமா விடறதுக்கு பக்கத்துல ஒரு பட்டன் இருந்தா இன்னும் வசதி. முடிஞ்சா தெரிஞ்சவங்க கேஜ் ரெண்டு மூணோட ஒரு தடவ ஒப்பிட்டு பாத்துக்குங்க. எப்பவும் அதே கேஜ்தான், அது ஒண்ணு கூடவோ கொறையவோ காட்டினாலும் பரவால்ல, ஒரே மாதிரி காட்டினா சரி.

அளக்கறது காலைல, வண்டி ராத்திரி முழுக்க நின்னதுக்கு அப்புறம், வெயில் படறதுக்கு முன்னாடி. புக் நம்பர் எல்லாமே இந்தக் கோல்டு நம்பர்தான். ஏழெட்டு டிகிரி சூடு ஏறினா ஒரு பிஎஸ்ஐ கிட்ட ஏறும். மத்தியானம் ஓடிட்டு வந்து பங்க்ல நிறுத்தி 26 கரெக்டா வச்சீங்கன்னா, மறுநாள் காலைல அது 23ஆ கூட இருக்கும். வீட்ல நிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் வெயில் படுதுன்னா அந்த ரெண்டு டயரும் ஒண்ணு ரெண்டு கூட காட்டும், ஏமாந்து அத இறக்கிராதீங்க.

வீட்லயே அடிக்க ஒரு கால் பம்ப் இருந்தா போதும், இந்தக் கொஞ்சூண்டு காத்துக்கு. லைட்டர்ல சொருகற டிஜிட்டல் பம்ப் வாங்கறவங்க ஒண்ண கவனிக்கணும், மைனர் மாதிரி பழைய பிரிட்டிஷ் வண்டி நிறையது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ்தான் பாடில மாட்டியிருக்கும், பழைய பீட்டில்னா 6 வோல்ட்டே. அதுல இந்தப் புது பம்ப அப்படியே சொருகினா பம்ப் போயிரலாம், இல்லனா சரியா ஓடாது. சார்ஜ் போட்டு எடுத்துட்டு போற மாதிரி பம்ப் வாங்கிக்குங்க, தொல்லையே இல்ல.

அடுத்து எடை. இத யாரும் பண்ண மாட்டாங்க, ஆனா இதுதான் எனக்கு ரொம்ப உதவுச்சு. பைபாஸ்ல லாரிக்கு எடை போடற எடை மேடை இருக்கும்ல, அங்க காலியா இருக்கற நேரமா பாத்து போங்க. முன் சக்கரம் மட்டும் மேடைல ஏத்தி ஒரு எடை, முழு வண்டியும் ஏத்தி ஒரு எடை, கழிச்சா பின்பக்கம். நான் மட்டும் உக்காந்தா என் வண்டில முன்னாடி 440, பின்னாடி 390 வந்துச்சு. அதே வண்டில நாலு பேரு, ஊருக்குப் போற பை எல்லாம் வச்சு போட்டா முன்னாடி 480தான், பின்னாடி 600. பாருங்க, முன்னாடி 40 கிலோ ஏறுது, பின்னாடி 210 ஏறுது. புக்காரன் லோடுக்கு பின்னாடி மட்டும் ஏத்தச் சொன்னது ஏன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. டயர்ல இருக்கற லோட் இண்டெக்ஸையும் பாத்துக்குங்க, 75ன்னா 387 கிலோ, 80ன்னா 450 கிலோ ஒரு டயருக்கு, ஆனா அது ஃபுல் பிரஷர்ல தாங்கற எடை, காத்து கம்மியா வச்சா தாங்கற எடையும் கம்மி. லேசான வண்டிக்கு அப்பவும் கையிருப்பு நிறையவே இருக்கும்.

இப்ப ஆரம்ப நம்பர் கைல இருக்கு, ரேடியல்னா 26னு வச்சுக்குவோம். காலைல கோல்டா 26 வச்சு, நீங்க எப்பவும் போற வேகத்துல, எழுபதோ எண்பதோ, ஒரு முக்கால் மணி நேரம் நேரா ஓட்டுங்க. நிறுத்தின உடனே நாலு டயரையும் மறுபடி அளங்க, காத்து எதுவும் விடாம எழுதி மட்டும் வச்சுக்குங்க. ஜீப், ஃபோர் வீல் டிரைவ் ஓட்டறவங்க மத்தில 4 பிஎஸ்ஐ கணக்குனு ஒண்ணு உண்டு, நாலுக்கு மேல ஏறினா ஆரம்பத்துல காத்து பத்தல, டயர் ரொம்ப மடங்கி மடங்கி சூடாயிருக்குனு அர்த்தம், நாலுக்கு ரொம்ப கம்மியா ஏறினா காத்து கூட, டயர் மடங்கவே இல்ல. நம்ம லேசான வண்டிக்கு நான் அத 2லேர்ந்து 4னு எடுத்துக்கறேன். 26 வச்சு 29 வந்துச்சுன்னா சரி. 31, 32 வந்துச்சுன்னா ரெண்டு கூட்டி மறுநாள் திரும்ப. 27லயே நிக்குதுன்னா ஒண்ணு ரெண்டு கொறைக்கலாம். ஒரு டயர் மட்டும் மத்ததவிட ரொம்ப சூடாகி கூட காட்டினா அது காத்து விஷயமே இல்ல, பிரேக் ஒட்டிட்டு ஓடுது இல்லனா பேரிங், உடனே பாருங்க.

சூட்டோட இருக்கற டயர்ல 29 காட்டுதேன்னு காத்த இறக்கிராதீங்க, இந்தத் தப்பு எல்லாரும் பண்றது. அந்த மூணு ஓட்டத்துல வந்தது, நின்னா போயிரும்.

அப்புறம் சாக்பீஸ். டயர் பட்டன் மேல இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் குறுக்கால ஒரு தடிமனான கோடு போடுங்க, நாலு டயருக்கும். நேரான தார் ரோட்ல மெதுவா ஒரு அம்பது நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி பாருங்க. நடுவுல மட்டும் அழிஞ்சு ஓரம் ரெண்டும் வெள்ளையாவே இருந்தா காத்து கூட. ஓரம் அழிஞ்சு நடுவுல இருந்தா கம்மி. ஒரே சீரா அழிஞ்சா ஓகே. இது ரேடியலுக்கு நல்லா வேலை செய்யும், நைலானோட தோள்பட்டை உருண்டை, அதுல ஓரம் எப்பவும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அத பாத்து ரொம்ப இறக்கிராதீங்க. பழைய ரிம் ஒல்லி, நாலு இன்ச்தான் இருக்கும், அதுல அகலமான டயர மாட்டியிருந்தா நடு உப்பிக்கும், எவ்ளோ இறக்கினாலும் சாக்பீஸ் நடுவுலதான் அழியும். அது காத்தோட தப்பில்ல, டயர் சைஸ் தப்பு.

முன்னுக்கும் பின்னுக்கும் எவ்ளோ வித்தியாசம் வைக்கறதுங்கறது கடைசி நகாசு. பொதுவா பின்னாடி ஒண்ணு ரெண்டு கூட இருந்தா வண்டி நேரா நிக்கும், வளைவுல பின்பக்கம் வீசாது, கொஞ்சம் மந்தமா திரும்பும், குடும்பத்தோட போறவனுக்கு அதுதான் நல்லது. முன்னாடி கூட வச்சா ஸ்டியரிங் சுறுசுறுப்பா இருக்கும், அந்த சுறுசுறுப்பு ஒரு வளைவுல பயம் காட்டும்போது தெரியும். ஸ்டியரிங் கனமா இருக்குனு முன்னாடி மட்டும் நாலு அஞ்சு ஏத்தி விடறவங்க இருக்காங்க, பார்க்கிங்ல சுகமா இருக்கும், அவ்ளோதான்.

இந்த முன்-பின் வித்தியாசத்தால ஒரு வண்டியோட பேரே கெட்டுச்சு, செவர்லே கோர்வேர். 1960 மாடலா வந்தது, இன்ஜின் பின்னாடி, பின் சக்கரம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது வளைவுல சக்கரம் உள்பக்கமா மடங்கற மாதிரியான அமைப்பு. கம்பெனி சொன்னது முன்னாடி 15, பின்னாடி 26, கோல்டுல. அமெரிக்கா பங்க்லயும் நம்ம ஊர் பங்க் மாதிரிதான், நாலுக்கும் ஒரே காத்து அடிச்சு விட்டா வண்டி வளைவுல பின்னாடி வீசும். ரால்ஃப் நாடர்னு நுகர்வோருக்காக போராடின அமெரிக்க வக்கீல் 1965ல எழுதின புத்தகத்துல முதல் அத்தியாயமே இந்த வண்டிதான், டிரைவர் காத்து அளவ சரியா வச்சாதான் வண்டி பத்திரம்னா அது என்ன டிசைன்னு கேட்டாரு, நியாயமான கேள்விதான். 1972ல அமெரிக்க அரசு டெஸ்ட் பண்ணிட்டு அந்தக் காலத்து மத்த வண்டிங்களவிட மோசம் இல்லனு சொன்னாங்க, அதுக்குள்ள வண்டி நின்னே போச்சு. இத ஏன் சொல்றேன்னா, நம்ம சென்னை வண்டலூர் பக்கம் செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் பின்னாடி ஸ்விங் ஆக்ஸில்தான். ஹெரால்டு வச்சிருக்கறவங்க பின்னாடி காத்து எப்பவுமே முன்னவிட கம்மியாகாம பாத்துக்குங்க, வளைவுக்குள்ள போயிட்டு பட்டுனு ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுக்காதீங்க.

ஊட்டிக்கு போறப்ப காத்து கொறைக்கணுமானு கேப்பாங்க, மேல போனா வெளிக்காத்து அழுத்தம் கம்மி, டயர் வெடிச்சிரும்னு ஒரு பயம். கணக்கு போட்டு பாத்தேன். மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஊட்டி 2,240 மீட்டருக்கு ஏறினா வெளி அழுத்தம் கொறையறதால கேஜ் சுமார் 3 பிஎஸ்ஐ கூட காட்டணும். ஆனா கீழ 35 டிகிரி, மேல 15 டிகிரின்னா குளிர்ல இரண்டரை கிட்ட கொறையும். ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சு. மேல போய் மறுநாள் காலைல அளந்தப்ப அரை பிஎஸ்ஐதான் வித்தியாசம் இருந்துச்சு. கீழ வைக்கற காத்தோடயே போங்க. லோடு இருந்தா பின்னாடி ரெண்டு மூணு கூட்டுங்க, கொண்டை ஊசி வளைவுல கவலைப்பட வேண்டியது பிரேக்குக்கு, டிரம் பிரேக் வண்டிய செகண்ட் கியர்ல இறக்குங்க, காத்தெல்லாம் அப்புறம்.

நைட்ரஜன் போடலாமானா, போடுங்க, தப்பில்ல, ஆனா சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கு. மாசம் ஒருதடவ செக் பண்றவனுக்கு ரெண்டும் ஒண்ணு.

பழைய ரிம்முக்கு டியூப் போடறதுதான் நல்லது, டயர்ல டியூப்லெஸ்னு போட்டிருந்தாலும் சரி. இப்ப வர்ற ரிம்ல டயர் விளிம்பு நழுவாம இருக்க உள்ள ஒரு மேடு இருக்கும், பழசுல அது இல்ல, சிலதுல ரிவெட் வழியா காத்து கசியும். ரேடியலுக்கு ரேடியல் டியூப்பா கேட்டு வாங்குங்க. டியூப் இருக்கற வண்டில காத்து ரொம்ப கம்மியா ஓட்டினா டயர் ரிம் மேல நகந்து நகந்து டியூப்ப இழுக்கும், வால்வு ஒரு பக்கமா சாஞ்சு நிக்கறத பாத்தீங்கன்னா அதான், அடுத்தது வால்வு அடியோட கிழியறதுதான். காத்து அடிச்சு முடிச்சதும் எச்சில் தொட்டு வால்வு வாய்ல வச்சு பாக்கற நம்ம ஊர் டெஸ்ட் இன்னிக்கும் பிரமாதமான டெஸ்ட். மூடி கட்டாயம் போடுங்க, மண்ணு போனா உள்ள பின்னு சரியா உக்காராது.

டயர் வயசையும் பாருங்க. சுவர்ல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம். மூணே நம்பர்தான் இருக்குன்னா அது 2000க்கு முன்னாடி செஞ்ச டயர், அதுக்கு எவ்ளோ காத்துனு யோசிக்காதீங்க, கழட்டி போடுங்க. நம்ம வண்டி எல்லாம் வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா பெருசு, பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் கல்லா போயிருக்கும்.

மாசக்கணக்கா ஓட்டாம நிறுத்தினா தரைல படற இடம் தட்டையாயிரும், எடுத்த உடனே டக்கு டக்குனு ஆடும். அதுக்கு நிறுத்தும்போது 35 வரைக்கும் ஏத்தி வைங்க, இல்லனா ஸ்டாண்ட்ல தூக்கி வைங்க. திரும்ப எடுக்கும்போது இறக்க மறந்துராதீங்க, நான் ஒரு தடவ மறந்துட்டு அவினாசி ரோட்ல மறுபடியும் அதே தத்தல், இந்த தடவ ஷாக் அப்சார்பர கழட்டல.

என் வண்டில இப்ப ஓடறது, நான் மட்டும்னா முன்னாடி 26, பின்னாடி 27, நாலு பேருன்னா 26, 30. க்ளவ் பாக்ஸ் கதவு உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி பெரிய எழுத்துல எழுதி வச்சிருக்கேன், பங்க்ல இறங்கி அத காட்டினா பையன் ஒரு மாதிரி பாப்பான், "கம்மியா இருக்கே சார்"ம்பான், "ஆமாம்பா, அதான் வேணும்"னு சொல்லிருங்க. ஸ்டெப்னிக்கு மட்டும் 34 அடிச்சு வைங்க, அது டிக்கில கெடக்கும்போது மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தானா போகும், நடுராத்திரி பஞ்சர்ல நிக்கும்போது கூட இருக்கற காத்த இறக்கிக்கலாம், இல்லாத காத்துக்கு எங்க போறது.